குறடு செய்யக் குறடு வேணும்

புத்தாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். சங்கிலியனைப் பற்றியும் பண்டாரவன்னியனைப் பற்றியும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாள் அடித்துக் கொடுத்தவனைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. நான் கம்மாலையில் பிறந்து வளர்ந்தவன். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கத்தி அடிக்கிறவன் முதலில் அடிப்பது கத்தியை அல்ல, தன்னுடைய ஆயுதங்களை. உளி வேண்டுமென்றால் தச்சன் கொல்லனிடம் வருவான். மண்வெட்டிக்குக் கமக்காரன் வருவான். பாளைக்கத்திக்குச் சீவல்தொழிலாளி வருவான். கொல்லன் ஆரிடம் போவான்? தனக்கு வேண்டியதைத் தானேதான் செய்யவேணும்.

எங்கள் அப்பு இதை விடுகதை போலக் கேட்பார். "குறடு செய்யிறதெண்டால் பழுத்த இரும்பைப் பிடிக்கக் குறடு வேணும். அப்ப முதல் குறட்டை எப்பிடியடா செய்தவங்கள்?"

விடை சுலபம். நீளமான கம்பியை எடுத்தால் ஒரு நுனி உலையில் பழுக்க, மறு நுனியைக் கையால் பிடிக்கலாம். பழுத்த நுனியைச் சப்பையாகத் தட்டி, வாயை வளைத்து, துளை போடவேணும். கையால் பிடித்த பக்கமே குறட்டின் கைபிடி. இப்படி இரண்டு செய்து, ஆணி வைத்துத் தறைந்தால் குறடு. அந்தக் குறட்டால் பிடித்து வெட்டுளி செய்யலாம், துளையுளி செய்யலாம், இன்னொரு நல்ல குறடும் செய்யலாம். பட்டடைக்கு அடைகல் என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. கல்லிலே வைத்து அடித்த காலம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

சரி, இரும்பு எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் இலங்கையிலேயே மண்ணிலிருந்து உருக்கி எடுத்தார்கள். பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவப் பகுதியில், மலைச்சரிவுகளில் பழைய உலைகளைக் கில்லியன் ஜூலெவ் என்ற ஆய்வாளர் கண்டெடுத்தார். அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அந்த உலைகளுக்குத் துருத்தி இல்லை. தென்மேல் பருவக்காற்றே துருத்தி. அதேபோல உலை கட்டி 1994இல் உருக்கிப் பார்த்தார்கள், உருக்கும் வந்தது. 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அந்த ஆய்வு வெளிவந்தது. அதைத் தமிழனின் சாதனை என்று உரிமை கொண்டாட நான் வரவில்லை. காற்றையே ஆயுதமாக்கிய கொல்லர்களின் சாதனை, அவ்வளவுதான்.

பிறகு வெள்ளைக்காரனின் மலிவு இரும்பு கப்பலில் வந்து இறங்க, ஊர் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது நூலில், அழிந்துகொண்டிருந்த அந்தத் தொழிலையும் பதிந்து வைத்தார். கொல்லர்கள் அதற்குப் பிறகு பழைய இரும்பை நம்பினார்கள். 1905இல் காங்கேசன்துறைக்கும் கொழும்புக்குமிடையில் றெயில் ஓடத் தொடங்கியது. அப்புவின் பட்டடை ஒரு தண்டவாளத் துண்டு. கத்திக்கு லொறியின் வில்லுத்தகடு. உலைக்குச் சிரட்டைக்கரி.

1990இல் றெயில் நின்றது. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளிக்கிட்டது. பட்டடையை ஆர் தூக்குவது? துருத்தியையும் விட்டோம். ஐயா சைக்கிள் கரியரில் கட்டிய அரிசி மூட்டைக்குள் ஒரு சுத்தியல் தலையை மட்டும் வைத்தார். "உது சோறு போடுமோ?" என்று அம்மா பேசினா.

வன்னியில் ஐயா முதலில் தேடியது ஒரு நீளக் கம்பியைத்தான். அப்புவின் விடுகதை அன்றுதான் எனக்கு விளங்கியது. உடைந்த லொறியின் அச்சுத் துண்டைப் பாலைக்குற்றியில் இறக்கிப் பட்டடையாக்கினார். சைக்கிள் சில்லைச் சுற்றினால் காற்று வரும்படி ஒரு விசிறி பூட்டினார். முதல் கிழமை குறடு, அடுத்தது வெட்டுளி. மூன்றாம் கிழமை முதல் கத்தி. அதைத் தோய்ச்சல் போடும்போது சுற்றிவரச் சனம் நின்றது. கொட்டில் போடத் தடி வெட்ட எல்லாருக்கும் கத்தி தேவைப்பட்டது. காசில்லாதவர்கள் அரிசி தந்தார்கள். அம்மா அதற்குப் பிறகு சுத்தியலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஒரு விஷயத்தை எழுதாமல் விடமுடியாது. பள்ளிக்கூடத்தில் தகப்பன் தொழில் என்ன என்று கேட்டபோது நான் 'மெக்கானிக்' என்று எழுதிக் கொடுத்தேன். கொல்லன் என்று எழுத வெட்கம். ஊரும் சாதியும் அந்த வெட்கத்தை எனக்குப் பழக்கியிருந்தன. 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப றெயில் ஓடியபோது அதைப் பார்க்க ஐயா இல்லை.

இந்த வருடப்பிறப்பன்று கைவிசேஷம் வாங்க வரும் பிள்ளைகளுக்குக் காசோடு நாலு சொல்லும் கொடுக்கப் போகிறேன்: குறடு, பட்டடை, துருத்தி, தோய்ச்சல். உங்கள் வீட்டிலும் தொழில் தெரிந்த முதியவர்கள் இருப்பார்கள். தச்சரோ, குயவரோ, சீவல்தொழிலாளியோ, ஆராயிருந்தாலும் அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த மலருக்கு அனுப்புங்கள்.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.