குற்றப் படத்தின் முதல் இரண்டு நிமிடங்கள்

திரைப்படக் கலை பயிலும் மாணவர்களுக்குத் தரப்படும் பயிற்சிகளில் ஒன்று, குற்றப் படம் ஒன்றின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்து வருவது. முழுக்கதை வேண்டியதில்லை. இரண்டு நிமிடங்கள் போதும். ஆனால், பார்ப்பவர் அடுத்த காட்சிக்கு ஏங்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கேமராவும் துரத்தி ஓடும் கார்களும் வேண்டும் என்றே பலர் எண்ணுகின்றனர். திரைப்பட வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1954ஆம் ஆண்டு வெளிவந்த 'அந்த நாள்' படத்தை எடுத்துக்கொள்வோம். வீணைக் கலைஞர் எஸ்.பாலசந்தர் இயக்கிய அந்தப் படத்தில் பாட்டு இல்லை, நடனமும் இல்லை. 'பராசக்தி'யால் புகழ் பெற்றிருந்த சிவாஜி கணேசன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டு விழுகிறார். சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ் நிலையத்திற்கு ஓடுகிறார். செத்தவர் யார் என்று தெரிகிறது. சுட்டவர் யார் என்று தெரியவில்லை. அந்த ஒரு கேள்விதான் முழுப் படத்தையும் தாங்கி நிற்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து ஹாலிவுட்டில் ஆர்சன் வெல்ஸ் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். 'டச் ஆஃப் ஈவில்' படத்தில் ஒருவன் காருக்குள் வெடிகுண்டு வைப்பதை முதலிலேயே காட்டிவிடுகிறார். காரில் ஏறுபவர்களுக்கு அது தெரியாது, பார்ப்பவர்களுக்குத் தெரியும். மெக்சிகோ எல்லையோர ஊரின் தெருக்களில் அந்தக் கார் ஊர்ந்து செல்ல, கேமரா மூன்று நிமிடங்களுக்கு மேல் இடைவெட்டு இல்லாமல் பின்தொடர்கிறது. எப்போது வெடிக்குமோ என்ற பதைப்பே அந்தக் காட்சியின் பலம்.

மாணவர்களின் துணிச்சல்

சென்னைத் திரையுலகில் ஓர் இயக்குநரிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்து தொழில் கற்பதே நெடுங்கால வழக்கம். திரைப்படக் கல்லூரியில் படித்து வந்தவர்களை நம்பிப் பணம் போடப் பலரும் தயங்கினர். அந்தத் தயக்கத்தை உடைத்த படம், 1986இல் வந்த 'ஊமை விழிகள்'. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, ஆர்.அரவிந்தராஜ் இயக்கினார். மாணவப் பருவத்தில் எடுக்கப்பட்ட 'மர்டர் எக்கோ' என்ற குறும்படமே அதற்கு விதை. காவல்துறை அதிகாரியாக விஜயகாந்த் நடித்த அந்தக் குற்றப் படம், சினிமாஸ்கோப்பில் வந்து பெரும் வெற்றி கண்டது. அது தோற்றிருந்தால் பின்னால் வந்த மாணவர்களுக்கும் கதவு அடைபட்டிருக்கக்கூடும். அதே கல்லூரியில் பயின்ற ஆர்.கே.செல்வமணி 1990இல் 'புலன் விசாரணை' மூலம் இயக்குநரானது குறிப்பிடத்தக்கது.

லண்டனிலும் இதைப் போன்ற ஒரு கதை உண்டு. கிறிஸ்டோபர் நோலன் பல்கலைக்கழகத்தில் படித்தது ஆங்கில இலக்கியம். படம் எடுக்கக் கற்றதோ அங்கிருந்த மாணவர் திரைப்படச் சங்கத்தில். படிப்பு முடிந்த பிறகு, வேலைக்குச் செல்லும் நண்பர்களை வைத்துச் சனிக்கிழமைகளில் மட்டும் 'ஃபாலோயிங்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. செலவு சுமார் 6,000 அமெரிக்க டாலர். பிலிம் சுருளுக்கே பணம் கரைந்ததால், நடிகர்கள் நாடகத்திற்குப்போல் முன்கூட்டியே ஒத்திகை பார்த்தனர். ஒரு காட்சியை ஓரிரு முறைக்கு மேல் எடுக்கவில்லை. கேமராவை நோலனே தோளில் சுமந்தார். பெரும்பாலும் சன்னல் வெளிச்சமே விளக்கு.

1998இல் வெளியான அந்தப் படம் எப்படித் தொடங்குகிறது? கையுறை அணிந்த இரண்டு கைகள், ஒரு பெட்டிக்குள் சில பொருள்களை எடுத்து அடுக்குகின்றன. அவ்வளவுதான். அடுத்து ஓர் இளைஞன், முன்பின் அறியாதவர்களைத் தெருவில் பின்தொடர்ந்த கதையை ஒரு பெரியவரிடம் சொல்லத் தொடங்குகிறான். அந்தக் கைகள் யாருடையவை, பெட்டி எதற்கு, கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்பதெல்லாம் பிறகுதான் விளங்குகிறது. ஒரு மேசை, ஒரு பெட்டி, ஒரு சோடிக் கையுறை இருந்தால் எந்த மாணவரும் எடுக்கக்கூடிய காட்சி அது.

இந்தப் படங்களின் செலவுக் கணக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு கொண்டது. தொடக்கத்தின் பின்னால் இருக்கும் முடிவு மட்டும் ஒன்றே: பார்ப்பவருக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது? பாலசந்தர் கொலையாளியை மறைத்தார். வெல்ஸ் குண்டைக் காட்டி, வெடிக்கும் நேரத்தை மறைத்தார். நோலன் முகத்தையே மறைத்தார். இன்று கைத்தொலைபேசியிலேயே படம் எடுத்துவிடலாம். ஆனால், அதைக் கையில் எடுக்கும் முன்பே இந்த முடிவைத் தாளில் எழுதிக்கொள்ளும் மாணவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது எனலாம்.