ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்: மனிதர்களைத் தாக்காது, மனிதர்களால் பரவும்

வடகிழக்கு மாநிலங்களில் பன்றி வளர்ப்பை நம்பியுள்ள குடும்பங்களுக்கு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பெரும் அச்சுறுத்தலாக நீடிக்கிறது. இந்த நோய் குறித்த முக்கியத் தகவல்கள் வருமாறு:

எப்போது வந்தது?

1921-இல் கென்யாவில் முதன்முதலாகப் பதிவான இந்நோய், 2018 ஆகஸ்டில் சீனாவில் கண்டறியப்பட்டது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அஸ்ஸாம், அருணாசலப் பிரதேச மாநிலங்களில் பன்றிகள் அடுத்தடுத்து உயிரிழந்தன. போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் நிறுவனம் நடத்திய பரிசோதனையில் நோய் உறுதி செய்யப்பட்டது. 2021-இல் மிஸோரமிலும், 2022-இல் கேரளத்தின் வயநாடு மாவட்டத்திலும் பரவியது.

2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டிலுள்ள சுமார் 90 லட்சம் பன்றிகளில் ஏறத்தாழ 21 லட்சம் அஸ்ஸாமில் உள்ளன.

மனிதர்களுக்கு ஆபத்தா?

இல்லை. 2009-இல் மனிதர்களிடையே பரவிய ‘பன்றிக் காய்ச்சல்’ எச்1என்1 இன்ஃபுளூயன்ஸா தீநுண்மியால் ஏற்பட்டது. இது முற்றிலும் வேறானது. வளர்ப்புப் பன்றிகளையும் காட்டுப்பன்றிகளையும் மட்டுமே தாக்கும்.

அறிகுறிகள் என்ன?

கடும் காய்ச்சல், தீவனம் உண்ணாமை, காது மற்றும் வயிற்றுப் பகுதியில் தோல் சிவத்தல் அல்லது நீலம் பாரித்தல், ரத்தக்கசிவு, சினைப் பன்றிகளுக்குக் கருச்சிதைவு ஆகியவை அறிகுறிகளாகும். தீவிர பாதிப்பில் உயிரிழப்பு விகிதம் 100 சதவீதத்தை எட்டக்கூடும். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. வழக்கமான பன்றிக் காய்ச்சலுக்கான தடுப்பூசியும் இதைத் தடுக்காது.

எவ்வாறு பரவுகிறது?

நோயுற்ற பன்றியின் ரத்தம், கழிவு ஆகியவற்றுடன், ஆள்களின் காலணி, உடை, வாகனங்கள் வழியாகவும் தீநுண்மி பரவுகிறது. உறைந்த இறைச்சியில் அது பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். எனவே, உணவகங்கள், வீடுகளின் இறைச்சிக் கழிவைக் கொதிக்க வைக்காமல் தீவனமாக அளிப்பது ஆபத்தானது.

என்ன செய்ய வேண்டும்?

நோய் உறுதியானால், பாதிக்கப்பட்ட பண்ணையைச் சுற்றி 1 கி.மீ. சுற்றளவில் உள்ள பன்றிகள் அழிக்கப்படுகின்றன, 10 கி.மீ. வரை கண்காணிக்கப்படுகின்றன. அழிக்கப்படும் பன்றிகளுக்கு அரசு இழப்பீடு வழங்குகிறது. இழப்புக்கு அஞ்சி நோயுற்ற பன்றியை அவசரமாக விற்பதும், இறந்ததை ஆற்றில் வீசுவதும் நோயை அடுத்த ஊருக்குக் கொண்டு செல்லும். பன்றி திடீரென இறந்தால் உடனடியாக அரசு கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பதே அண்டை வீட்டாரின் பன்றிகளையும் காப்பாற்றும் வழியாகும்.