பெயர் மாறிய ஆண்டு

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று பிரெஞ்சுக் குடும்பப்பெயரோடு விளங்கினால், அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த பாட்டனைத் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை. தேட வேண்டியது 1881 செப்டம்பர் 21ஆம் தேதியிட்ட ஆணையை ஒட்டிப் பதிவான ஓர் அறிவிப்பை.

இவ்விரு ஊர்ப்பகுதிகளும் 1749இல், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்தில், ஆர்க்காட்டு நவாப் சந்தா சாகிப் வழியாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. ஆனாலும் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் ஊராரின் வீட்டுக்குள் நுழையவில்லை. இந்தியர் வழக்குகள் அவரவர் சாதி வழக்கப்படியே தீர்க்கப்படும் என்று 1819 ஜனவரி 6 ஆணை உறுதி தந்திருந்தது. 1881 ஆணை அந்த வழக்கத்தைத் துறக்க விரும்பியவர்களுக்கு வழிவிட்டது. துறந்தவர்களுக்கு 'ரெனோன்சான்' என்று பெயர். ஒருமுறை துறந்தால் திரும்ப முடியாது. மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் அதில் அடக்கம். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இதை அதிகம் நாடினார்கள் என்பதில் வியப்பில்லை.

சிக்கல் பெயரில் எழுந்தது. துறப்பவர் தமக்கும் சந்ததிக்கும் ஒரு குடும்பப்பெயரைச் சொல்லியாக வேண்டும். தமிழ் வீடுகளிலோ அப்படி ஒன்று கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர், அடையாளத்துக்குத் தகப்பன் பெயர், சாதி, ஊர். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பேரன். அந்த உறவுச் சொல்லே பெயரிலிருந்து பிறந்தது. ஒரு தலைமுறையைத் தாண்டித் தாண்டி வந்த பெயர், இனி தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு மாறாமல் இறங்க வேண்டியதாயிற்று.

சிலர் தகப்பன் பெயரையே குடும்பப்பெயராக நிறுத்தினார்கள். சிலர் பிரெஞ்சுப் பெயர் சூடினார்கள். துறப்பு இயக்கத்தின் தலைவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873இல் சப்பாத்து அணிந்து நீதிமன்றம் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லப்போர்த். பிரெஞ்சில் 'லா போர்த்' என்றால் கதவு.

வயதுவந்த சகோதரர்கள் தனித்தனியே அறிவிக்க வேண்டியிருந்ததால், ஒரே தகப்பனின் மக்கள் இருவர் இரண்டு குடும்பப்பெயரோடு பிரிந்திருக்கவும் இடமுண்டு. ஒருவர் துறந்து மற்றவர் துறக்காமல் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். ஆகவே 1881க்கு முந்தைய தலைமுறைகளைக் குடும்பப்பெயரால் தேடக்கூடாது. தகப்பன் பெயர், ஊர், சாதி, சாட்சிகள் ஆகியவையே வழிகாட்டும்.

1880இல் பிரெஞ்சு இந்தியா பத்து கொம்யூன்களாக (உள்ளாட்சிப் பிரிவுகளாக)ப் பிரிந்தபோது புதுச்சேரிப் பகுதிக்கு நான்கு கிடைத்தன: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். கிராமத்துப் பிறப்பு, திருமணம், இறப்பைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியவை அந்தக் கொம்யூன் பதிவேடுகள். அவற்றை வாய்விட்டுப் படிப்பதே நல்லது, ஏனென்றால் எழுத்தர் காதில் விழுந்ததைப் பிரெஞ்சு முறையில் எழுதினார். 'உ' ஒலிக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்துகள் சேரும். வில்லியனூர் 'வில்லெனூர்' ஆகும். கண்ணுக்கு அந்நியமாகத் தெரியும் முத்துவும் சுப்பராயனும் காதுக்குப் பிடிபட்டுவிடுவார்கள்.

குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு ஒரு கூடுதல் படியைப் பிரான்சுக்கு அனுப்பவேண்டும் என்று 1776 ஜூனில் அரச ஆணை பிறந்தது. அவ்வாறு சேர்ந்தவை இன்று எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அங்கேயும் அகப்படாத பிறப்புக்குச் சைகோனைப் பார்க்க வேண்டும். துறந்தவர்கள் பலர் அரசு வேலைக்கும் பட்டாளத்துக்கும் இந்தோசீனா போனவர்கள்.

1962 ஆகஸ்ட் 16இல் பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிக் கொடுத்தவர்களின் பிற்காலப் பதிவுகளை நாந்த் நகரின் மையப் பதிவகத்தில் தேட வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். அவர்களுடைய பதிவுகள் உள்ளூரிலேயே தொடர்கின்றன.