கயிறு பிடித்த கைகள்

எந்திரமின்றிப் பறக்கும் விமானத்தைக் கிளைடர் என்பர். தமிழில் சறுக்கு விமானம் எனலாம். இளைஞர்க்கு அதனைக் கற்பித்த வரலாற்றை நம் கழகத்தின் வெள்ளி விழா வேளையில் எண்ணிப் பார்த்தல் தகும். வானேறும் கல்வி எவர்க்கு உரியது என்னும் வினா அவ்வரலாற்றில் அடங்கியுள்ளது.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி, 1919ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையால் விமானப் படை வைத்திருக்கும் உரிமையை இழந்தது. எந்திர விமானங்கள் கட்டவும் தடைகள் வந்தன. அந்நாட்டு இளைஞர் சோர்ந்தாரில்லை. 1920இல் வாசர்குப்பே மலையில் கூடிச் சறுக்கு விமானப் போட்டி நடத்தினர். நாளடைவில் பயிற்சிப் பள்ளிகளும் எழுந்தன.

பயிற்சி முறை எளியது. மரச்சட்டத்தின் மீதுள்ள திறந்த இருக்கையில் மாணவன் தனியே அமர்வான். தோழர்கள் இரு அணியாக நின்று, ரப்பர்க் கயிற்றின் இரு முனைகளையும் பற்றிச் சரிவில் ஓடுவர். இழுபட்ட கயிறு சுருங்குகையில் விமானம் முன்னே பாயும். முதலில் தரையில் சறுக்கல், அடுத்துச் சிறு தாவல், அதன்பின் பறத்தல். முப்பது விநாடி பறந்து செம்மையாக இறங்கினால் முதற் சான்றிதழ் கிட்டும். அச்சத்தால் கைப்பிடியைப் பின்னிழுத்தால் விமானத்தின் மூக்கு உயரும், வேகம் குன்றும், இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். பறந்து இறங்கியவன் மீண்டும் கயிறு பிடிக்க வந்தாக வேண்டும். அன்றேல் அடுத்தவன் ஏற இயலாது.

இக்கலையில் தலைசிறந்தவர் வியன்னாவில் பிறந்த இராபர்ட் கிரான்ஃபெல்டு. 1929இல் நூறு கிலோமீட்டருக்கு மேல் சறுக்கு விமானத்தில் பறந்த முதல்வர் அவரே. 1931இல் ஆங்கிலக் கால்வாயை இருமுறை கடந்தார். ஆயினும் 1933இல் நாட்சிகள் ஆட்சியேறியதும், யூதக் குடியில் பிறந்த அவர் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் திறமையை அளந்த நாடு, பின்னர் அவர் பிறப்பை அளந்தது! பிறப்பால் தள்ளப்பட்ட நமக்கு இதன் வேதனையை எவரும் விளக்க வேண்டுவதில்லை. அவரை ஏற்ற பிரிட்டன் பயன்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டு விமானப் படையில் அவர் பணியாற்றினார்.

அதே பிரிட்டனில் 1941இல் விமானப் பயிற்சி மாணவர் படை அமைந்தது. தொடக்கத்தில் அங்கும் மாணவன் தனியே பறந்தான். ஆசிரியர் தரையில் நின்றார். போருக்குப் பின் இரட்டை இருக்கை விமானங்கள் வந்தன. செட்பர்க் என்னும் விமானத்தில் ஆசிரியரும் மாணவனும் அருகருகே அமர்ந்தனர். பிழை நேரும் கணத்திலேயே திருத்தும் கை பக்கத்தில் இருந்தது.

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய மாணவர் படை தோன்றியது. 1950இல் அதன் விமானப் பிரிவு தொடங்கிற்று. அதே 1950இல்தான் தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பும் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வாயிலைத் திறந்தது. ஆயினும் வாயில் வரை செல்லப் பள்ளியும், விடுதியும், வழிகாட்டும் ஆசிரியரும் தேவை. கல்விக் கழகங்களின் பணி அங்கேதான் தொடங்குகிறது.

இளைஞர்களே! உயரப் பறவுங்கள், ஆனால் பலர் ஓடியதால்தான் ஒருவர் எழுந்தார் என்பதை மறவாதீர். இறங்கியதும் கயிற்றைப் பற்றுங்கள். அடுத்த பிள்ளை இருக்கையில் காத்திருக்கிறது.