வெவெஸ்ஸ தோட்டமும் கடன் கொப்பியும்

தோட்டத்துச் சனங்களின் வரவு செலவை ஆராய்ந்த அறிக்கைகளுக்குக் குறைவில்லை. கணக்குப் போட்ட இடத்தில் அவர்களையும் இருத்தினார்களா என்பதே கேள்வி. ஊவாவில் அதற்கொரு வரலாறு உண்டு.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்த இந்தியத் தொழிலாளரின் நிலைபற்றி 1917இல் மதராஸில் ஓர் அறிக்கை வெளியானது. எழுதியவர்கள் இருவர்: மார்ஜோரிபாங்க்ஸ் என்ற வெள்ளைக்காரர், நம்மவரான அஹ்மத் தம்பி மரைக்காயர். பத்தாண்டுகள் கழித்து, 1927இல், குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி 1929 முதல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு அரிசி, எத்தனை துணி என்பதையெல்லாம் மேலே இருந்தவர்களே தீர்மானித்தார்கள். "எங்க வயித்துக் கணக்க எங்ககிட்டதானே கேக்கணும்?" என்று லயத்திலிருப்பவர் கேட்டால் பிழையா?

1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். வேலைநிறுத்தங்கள் ஊவாவுக்கும் பரவின. பதுளைப் பக்கம் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாங்களே ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அதனோடு கலந்து பேசியே நடப்பதாகத் துரையும் ஒப்புக்கொண்டார். அடக்க வந்த பொலிஸாரிடமிருந்து துப்பாக்கிகளைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். கடைசியில் பொலிஸ் கெடுபிடியும், ஒரு வாரத்துக்கு மேலாக ஊவாவைத் துண்டித்த வெள்ளமும் அந்த எழுச்சியை முடித்துவைத்தன.

மறுவருடமே, 1941இல், சம்பளச் சபைச் சட்டம் வந்தது. முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் அரசு நியமித்தவர்களும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வெவெஸ்ஸவில் சபையைத் தெரிவு செய்தது தொழிலாளி. கொழும்பில் அவருக்காகப் பேசியது தலைவர்கள். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவர்களுக்குக் கிடைத்தது 1984இல்தான். 2021இல் ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் வர்த்தமானியில் வந்தபோதும் பேச்சு கொழும்பில்தான் நடந்தது.

மஷூரா என்ற சொல்லை நாம் அடிக்கடி சொல்கிறோம். பாதிக்கப்படுகிறவரைக் கேட்காமல் செய்யும் மஷூரா எப்படி மஷூராவாகும்?

இதில் நமக்கும் ஒரு பங்குண்டு. பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்து நம் கடைகளில் தோட்டத்துக் குடும்பங்கள் பற்று வைத்த கடன் கொப்பிகள் இருந்தன. அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய், பெருநாளுக்கும் தீபாவளிக்கும் எடுத்த துணி என எல்லாம் அதில் எழுதப்பட்டன. சம்பளம் எத்தனை நாளுக்குத் தாங்கியது என்பதை எந்த அறிக்கையைவிடவும் அவை தெளிவாகச் சொல்லும். பழைய தாளென்று அவற்றை எரித்துவிடாதீர்கள். பெயர்களை மறைத்து, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி, சேர்ந்து வாசிப்போம். ஆராய்ச்சியை அங்கிருந்தும் தொடங்கலாம்.