யாரிடம் பேசுவது?

தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1994 அடிக்கல் விழாவிலிருந்து தொடங்குகிறார்கள். முத்துக்குளிப்பிலிருந்து தொடங்குவதே சரியென்று எனக்குப் படுகிறது. அந்தக் கடலில் ஆள வந்தவன் தேடியது முத்தை மட்டுமல்ல. பேரம் பேச ஓர் ஆளையும்தான். போர்ச்சுகீசியர், 1658-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் மூவருமே பரதவரின் சாதித்தலைவனோடு பேசித்தான் கரையை நடத்தினார்கள். குளிப்பில் அவனுக்கு வரியில்லாத பங்கு உண்டு. சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் சேர்ந்து முடிவெடுக்கும் பழக்கம் கடற்கரையில் ஊறியதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

1961-உடன் குளிப்பு நின்றது, பழக்கம் நிற்கவில்லை. 1996-இல் ஆலைக்குத் தாமிரத் தாது கொண்டுவந்த கப்பலை மீனவர்கள் படகுகளில் போய் மறித்தார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கவேண்டுமென்பது மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் நிபந்தனை. ஆலை எழும்பியதோ 14 கிலோமீட்டருக்குள். ஆனாலும் நகரம் இதைப் பெரும்பாலும் கடற்கரை விவகாரமாகவே வைத்திருந்தது என்பது என் எண்ணம்.

2018 பிப்ரவரியில் போராட்டம் கரையேறியது. ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து உட்கார்ந்தது குமரெட்டியாபுரம், சம்சாரிகளின் ஊர். பெண்களும் பிள்ளைகளும் மரத்தடியில் இருந்தார்கள். மார்ச் 24-இல் வியாபாரிகள் கடையடைத்தார்கள். மாணவர்கள் வந்தார்கள். சாதியும் சாமியும் வேறுவேறான இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு பங்குத்தந்தை கிடையாது, ஒரு கமிட்டி கிடையாது. கைப்பேசியில் செய்தி போயிற்று, கூட்டம் சேர்ந்தது.

தலைவனில்லாத கூட்டம் என்றதும் நம் நண்பர்கள் சிலருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அதில் பாதிதான். மே 20-இல் நிர்வாகம் சமாதானக் கூட்டம் நடத்தியது. வந்த ஒரு பகுதியினர் பள்ளி மைதானமொன்றில் கூட ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கே போவதென்று நின்றார்கள். ஒப்புக்கொண்டவர்களையே எல்லோருக்குமான பிரதிநிதியாக எண்ணிக்கொண்டது பழைய துரைத்தனத்தின் புத்திதான். மீதிப்பேருக்கு 144 தடையுத்தரவு.

மே 22 நூறாவது நாள். அன்றும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். மே 28-இல் ஆலையை மூட அரசாணை வந்தது. 2024 பிப்ரவரி 29-இல் உச்சநீதிமன்றமும் ஆலை தரப்பின் மனுவைத் தள்ளிவிட்டது. செத்தவர்கள் எல்லோரும் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனவர்களல்ல. திரேஸ்புரத்தில், மீனவர் குடியிருப்பில், சுடப்பட்டுச் செத்தவள் ஒரு பெண்.