யெஸ்டிக்கு ஒரு செம்பு வளையம்

சென்ற மாதம் என் யெஸ்டி 'பட் பட்' என்று வெடிக்கத் தொடங்கியது. சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் ஒரு செம்பு வளையம் இருக்கும். குழந்தை வளையல் அளவுதான். அது தேய்ந்துபோய்ப் புகை கசிந்தது. ஆர்.சி. புதுப்பிக்கும் நாளோ நெருங்கிவிட்டது. இந்தச் சத்தத்தோடு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட முடியாது. மகன் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னான். 1982இல் வாங்கிய வண்டி. ஒரு வளையத்துக்காகவா போடுவது?

இந்த வண்டியின் பூர்வீகம் செக் நாடு. 1929இல் யானெச்செக் என்பவர் ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையை வாங்கினார். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளும் சேர்ந்து 'ஜாவா' ஆயிற்று. ஃபரூக் இரானி அதை மைசூருக்குக் கொண்டுவந்தார். 1961இல் ஐடியல் ஜாவா ஆலையிலிருந்து வண்டிகள் வெளிவந்தன. 1973இலிருந்து பெயர் யெஸ்டி. கிக்கரும் கியரும் ஒரே கம்பிதான். அதை உள்ளே அமுக்கித் திருப்பி உதைக்க வேண்டும். தெரியாதவர் வண்டியைக் கிளப்பவே முடியாது.

சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு. டூ ஸ்ட்ரோக் ஆதலால் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுவோம். முழுதும் எரியாத ஆயில் சைலன்சருக்குள் கரியாகப் படியும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் சைலன்சருக்கு 'போ தெஷாப்மான்' என்று படித்தேன். 'போ' என்றால் பானை. அடுப்புப் பானையைப் போலவே இதையும் கரி சுரண்டித்தான் வைத்திருக்க வேண்டும். உள்குழாயை உருவி நெருப்பில் காட்டித் தட்டினால் கரி பொடிப்பொடியாக உதிரும்.

அந்த உள்குழாயையே எடுத்துவிட்டு ஊர் அதிர ஓட்டிய இளைஞர்கள் அக்காலத்தில் உண்டு. நானும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். சத்தம் வந்தது, இழுவை போயிற்று. டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. புகை வெளியேறும் வழி திறந்திருக்கும்போதே புதுப் பெட்ரோல் கலவையும் உள்ளே வரும். புகையோடு அதுவும் ஓடிவிடாமல் திருப்பித் தள்ளுவது சைலன்சருக்குள் எழும் அழுத்த அலைதான். அதனால்தான் குழாயின் நீளமும் வயிறும் அளந்து செய்யப்படுகின்றன.

1985க்குப் பின் ஜப்பானியக் கூட்டில் வந்த 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தன. 1991இல் வந்த புகைக் கட்டுப்பாடு 1996இல் இன்னும் இறுகியது. அதே 1996இல் மைசூர் ஆலையும் மூடப்பட்டது.

இனி வளையத்துக்கு வருகிறேன். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் தொடங்கித் திருநெல்வேலி ரோடு, கழுகுமலை ரோடு என்று ஆறு ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஏறி இறங்கினேன். ஒரு தம்பி செல்போனில் தேடி, "யெஸ்டிக்கு இருக்கு சார், வரவழைச்சுத் தாரேன்" என்றான். பார்த்தால் 2022இல் திரும்ப வந்த புது யெஸ்டிக்கானது. அது தண்ணீரில் குளிரும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். பெயர் மட்டும்தான் பழசு. இன்னொரு கடைக்காரர், "அதெல்லாம் நிப்பாட்டி எத்தனையோ வருசம் ஆச்சு, சென்னையில புதுப்பேட்டைக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார். ஒரு வளையத்துக்கு அறுநூறு கிலோமீட்டரா!

கடைசியில் விசைத்தறிச் சாமான் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்குப் போனேன். நம் ஊரில் தறிகள் ஓடுகிற வரை லேத்துக்குப் பஞ்சமில்லை. பட்டறைக்காரர் தேய்ந்த வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். "குடுத்துட்டுப் போங்க சார், நாளைக்கு வாங்க" என்றார். விலை பேசவில்லை.

மறுநாள் செம்புக் குழாய்த் துண்டிலிருந்து நான்கு வளையம் கடைந்து வைத்திருந்தார். செம்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகும். இரும்பு அப்படிப் போட்டால் விறைக்கும். அப்படி இளக்கிய இரண்டை வைத்து, கொக்கி ஸ்பேனரால் நட்டை முடுக்கினோம். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. கையைக் கிட்டே வைத்துப் பார்த்தேன், கசிவில்லை.

மீதி இரண்டையும் கேட்டேன். அவர் தரவில்லை. சுவர் ஆணியில் மாட்டிக்கொண்டே, "இது இருக்கட்டும் சார், வேற யாராவது யெஸ்டிக்காரர் வருவாரு" என்றார்.